மேற்கே போகவேண்டிய கம்பி

2012 ஜூலை 31, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று இந்தியாவின் மூன்று மின்தொகுப்புகள் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்துச் சரிந்தன. சுமார் 48,000 மெகாவாட் லோடு காணாமல் போனது. அறுபது கோடிக்கும் அதிகமான ஜனங்கள் வாழ்கிற நிலப்பரப்பு அது. ரயில்கள் நடுவழியில் நின்றன. டெல்லி மெட்ரோ நின்றது. மேற்கு வங்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கீழேயே மாட்டிக்கொண்டு, பிறகு மெதுவாக மேலே கொண்டுவரப்பட்டார்கள். முந்தைய நாள் அதிகாலை 2:33க்கு வடக்குத் தொகுப்பு மட்டும் ஒருமுறை விழுந்து எழுந்திருந்தது. ஆள் கணக்கில் பார்த்தால் உலகம் அதுவரை கண்டிராத மின்தடை.

தெற்கு விழவில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரம், புதுச்சேரி எல்லாம் சேர்ந்த தென்மண்டலத் தொகுப்பு லேசாகத் தள்ளாடி, நின்றுகொண்டது.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்த 2012இல்தான் தமிழ்நாட்டில் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேலே கரண்ட் கிடையாது. சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஜூலையில் காற்றாலை புண்ணியத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. காற்று ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் திரும்ப இருட்டு. இன்றைக்கு இருபதுகளின் நடுவில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிம்னி விளக்கோ மெழுகுவத்தியோ வைத்துப் பரீட்சைக்குப் படித்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல் நம் வீட்டுத் தமிழுக்குள் நுழைந்ததும் அந்த வருடங்களில்தான்.

வட இந்தியாவே அணைந்த நாளில் நம்மைக் காப்பாற்றியதும், மற்ற நாட்களில் நம்மை இருட்டில் உட்காரவைத்ததில் பெரும் பங்கு வகித்ததும் ஒரே விஷயம். தெற்கு, மற்ற இந்தியாவோடு முழுதாக இணைக்கப்படாமல் இருந்தது. இந்த முரணை விளங்கிக்கொள்ள மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் போகலாம்.

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்கள் சங்கிலி சங்கிலியாக இருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். மழை எங்கே பெய்தாலும் எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் மேல் கண்மாய்க் கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க் கண்மாயையும் உடைத்துக்கொண்டு போகும். சேர்ந்திருப்பதன் லாபமும் ஆபத்தும் ஒரே வாய்க்காலில்தான் ஓடும்.

மின்தொகுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு தொகுப்பில் இணைந்த எல்லா ஜெனரேட்டரும், மேட்டூரில் இருந்தாலும் ராமகுண்டத்தில் இருந்தாலும், ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். உற்பத்தியைவிடப் பயன்பாடு கூடினால் எல்லாமே சேர்ந்து வேகம் குறையும். 50 என்பது 49.5 ஆகும். பயன்பாடு குறைந்தால் 50க்கு மேலே ஏறும். இந்த அலைவெண்தான் கண்மாயின் நீர்மட்டம். இரண்டு தொகுப்புகளை மாறுதிசைக் கம்பியால் இணைத்தால் அது இரண்டு கண்மாய்களுக்கு நடுவே திறந்த வாய்க்கால் வெட்டுவது மாதிரி. இரண்டுக்கும் இனி ஒரே மட்டம்தான். நேர்திசை மின்சாரத்தில் இணைத்தால் கதை வேறு. அது மோட்டார் வைத்து ஒரு கண்மாயிலிருந்து இன்னொன்றுக்கு இறைப்பது. அந்த மட்டம் அதற்கு, இந்த மட்டம் இதற்கு. அங்கே கரை உடைந்தால் மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். இங்கே வெள்ளம் வராது.

2012 ஜூலையில் தெற்குக்கும் வடக்குக்கும் நடுவே இருந்தவை இந்த மோட்டார்கள் மட்டுமே. 31ஆம் தேதி கிழக்கு சரிந்தபோது ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வந்துகொண்டிருந்த நேர்திசை மின்சாரம் நின்றது. தெற்கின் அலைவெண் 49க்குக் கீழே இறங்கியது. தானியங்கி ரிலேக்கள் சில பகுதிகளைத் துண்டித்து மட்டத்தைத் தூக்கி நிறுத்தின. சேதம் அதோடு முடிந்தது.

கோலார் என்ற பெயரைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது. 1902இல் மைசூர் சமஸ்தானம் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனது. அன்று உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. ஊருக்கு விளக்கு வைப்பதற்காக இல்லை, பிரிட்டிஷ் கம்பெனியின் சுரங்க எந்திரங்களுக்காக. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2003இல், தால்ச்சரிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர் தாண்டி 2,000 மெகாவாட் நேர்திசை மின்பாதை வந்து இறங்கியது அதே கோலார் மாவட்டத்தில். நூறு வருட இடைவெளியில் இரண்டு நீளமான கம்பிகள். சினிமாவாக எடுக்க வேண்டிய கேஜிஎஃப் கதை இன்னும் பாக்கி இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குள் கம்பிகள் கோத்துக்கொண்ட கதை பைக்காராவில் ஆரம்பிக்கிறது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய கம்பி நேரே கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே மில்கள் பெருகின. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. இந்த மூன்றையும் ஏன் ஒன்றாக இணைக்க வேண்டும்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில் கைவிடும் என்பதால்தான். மேட்டூர் பாசனத்துக்காகக் கட்டிய அணை. டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம். ஜனவரி 28இல் மதகு மூடி ஜூன் 12இல் திறக்கும் வழக்கம், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அந்த இடைப்பட்ட மாதங்களில் பைக்காரா தாங்க வேண்டும். பைக்காரா தென்மேற்குப் பருவமழையை நம்பியது. பாபநாசத்துக்கு வடகிழக்கும் உதவும். ஆக ஒரு அணையின் வறட்சியை இன்னொரு அணையின் மழை ஈடுகட்டட்டும் என்று கம்பி இழுத்தார்கள். மின்பாதைத் திட்டமிடலின் அடிப்படை அறிவு இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கஷ்டம் வராது என்ற நம்பிக்கை. மற்றதெல்லாம் கணக்கு.

அறுபதுகளில் இந்தியாவை ஐந்து மின்மண்டலங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினை கம்பிகளைவிட மூளைகளில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தெற்கின் பற்றாக்குறைக்குத் தெற்கிலேயே நிலையம் கட்டு. நெய்வேலி இருக்கிறது, ராமகுண்டம் இருக்கிறது, கல்பாக்கம் இருக்கிறது, நீர் இருக்கிறது. மண்டலம் தன்னிறைவு அடைய வேண்டும், எல்லையைத் தாண்டும் கம்பி ஒரு கைமாற்றுக்குத்தான். பல பத்தாண்டுகள் திட்டமெல்லாம் இந்த எண்ணத்தில்தான் ஓடியது. இன்னொரு தடையும் இருந்தது. தொண்ணூறுகளில் கிழக்கு மண்டலத்தில் மின்சாரம் மிச்சம், அலைவெண் 51ஐத் தாண்டும். தெற்கில் பற்றாக்குறை, 48க்குப் பக்கத்தில் தவழும். இப்படி இரண்டு மட்டத்தில் இருக்கும் கண்மாய்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும்? எனவே மோட்டார்கள் வைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் வழியாக 1,000 மெகாவாட், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கஜுவாக்காவில் 500, பிறகு இன்னொரு 500, அப்புறம் தால்ச்சர்–கோலார்.

2003 வாக்கில் ஒரு மாற்றம் வந்தது. அலைவெண் தாழ்ந்திருக்கும் நேரத்தில் ஒதுக்கீட்டைவிட அதிகமாக இழுக்கும் மாநிலம் அதிக விலை தர வேண்டும் என்ற கட்டண முறையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மண்டலம் மண்டலமாகக் கொண்டுவந்தது. தெற்கில் 2003 ஜனவரியில். சட்டத்தால் வராத ஒழுங்கு பில்லால் வந்தது. அலைவெண் நாடு முழுக்க 50ஐ நெருங்கியது. அந்தத் தைரியத்தில் இணைப்புகள் நடந்தன. கிழக்கும் வடகிழக்கும் 1991லேயே சேர்ந்திருந்தன. 2003 மார்ச்சில் மேற்கு சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் வடக்கும் சேர்ந்தது. நான்கு மண்டலமும் ஒரே மட்டம். தெற்கு மட்டும் தனித் தீவு.

*

2008இலிருந்து அந்தத் தீவில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தேவை வேகமாக ஏறியது. புதிய நிலையங்கள் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வடசென்னை விரிவாக்கம், வல்லூர், கூடங்குளம் எல்லாமே தள்ளிப்போயின. கூடங்குளத்தின் முதல் உலை தொகுப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். நடுவில் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒருநாள் மின்விடுமுறை, உயர் அழுத்த நுகர்வோருக்கு 40 சதவீதம் வெட்டு. கோவையின் பவுண்டரிகளும் திருப்பூரின் சாயப்பட்டறைகளும் டீசலில் ஓடின. டீசல் வாங்க முடியாத சின்னப் பட்டறைகள் என்ன ஆயின என்பதற்கு யாரும் சரியாகக் கணக்கு எழுதவில்லை. விவசாயிகள் ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வருமென்று மோட்டார் ரூமில் படுத்துக் கிடந்தார்கள். 2011 தேர்தலில் மின்வெட்டு பெரிய பிரச்சினையாக இருந்தது. ஆட்சி மாறியது, வெட்டு மாறவில்லை, கூடியது. யார் செய்த தவறு என்று இரண்டு கட்சிகளும் மாறி மாறிப் பேசின. இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில் கம்பியைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாக நினைவில்லை. நிலையம் கட்டினால் மேடை போட்டுத் திறக்கலாம். கம்பிக்கு மேடை கிடையாது.

மின்சாரம் இல்லாமல் இல்லை என்பதுதான் கொடுமை. சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் நிலக்கரிக்குப் பக்கத்திலேயே புதுப்புது அனல் நிலையங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 2008இல் மின்சாரச் சந்தை திறந்தது. ஒரு நாள் முன்னதாக ஏலத்தில் மின்சாரம் வாங்கலாம். கம்பியில் நெரிசல் வந்தால் அந்தச் சந்தை தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். வடக்கே ஒரு விலை, ஆந்திரா–கர்நாடகத்துக்கு ஒரு விலை, தமிழ்நாடு–கேரளத்துக்கு இன்னொரு விலை. கடைசி வீட்டுக்காரன் நாம்தான் என்பதால் நம் விலைதான் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும்.

2012 கடைசியில் நடந்த ஒரு வழக்கு எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. தனக்கு வேண்டாம் என்று டெல்லி விட்டுக்கொடுத்த 1,721 மெகாவாட்டை எங்களுக்குத் தாருங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்திய அரசு வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: மின்சாரம் இருக்கலாம், ஆனால் தெற்கே கொண்டுபோக வழித்தடம் இல்லை. கோர்ட்டு உத்தரவு போட்டாலும் எலெக்ட்ரான் நடந்து வராதே.

அப்படியானால் வழித்தடத்தை யாருமே திட்டமிடவில்லையா? திட்டமிட்டிருந்தார்கள். அது எதற்காக என்பதில்தான் வேடிக்கை.

ஆந்திரத்தின் நெல்லூர் கடற்கரையில் கிருஷ்ணப்பட்டினம் என்ற துறைமுக ஊர். அங்கே சுமார் 4,000 மெகாவாட்டில் ஒரு மாபெரும் அனல் மின் திட்டத்தை 2007இல் ரிலையன்ஸ் பவர் ஏலத்தில் எடுத்தது. இந்தோனேசிய நிலக்கரியில் ஓடுவதாகத் திட்டம். மின்சாரத்தில் பெரும்பங்கு ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவற்றுக்கு. ஒரு பங்கு, 800 மெகாவாட், மகாராஷ்டிரத்துக்கு. மகாராஷ்டிரம் வேறு மண்டலம். அப்படியென்றால் தெற்கிலிருந்து மேற்கே மின்சாரம் போக வழி வேண்டும். அந்தத் திட்டத்தோடு சேர்த்துத்தான் கர்நாடகத்தின் ராய்ச்சூரிலிருந்து மகாராஷ்டிரத்தின் சோலாப்பூருக்கு 765 கிலோவோல்ட் மாறுதிசை மின்பாதை வரையப்பட்டது. தூரம் 208 கிலோமீட்டர்.

கிருஷ்ணப்பட்டினம் வரவேயில்லை. இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதி விலை விதிகளை மாற்றியதும், இந்த விலையில் கட்டுப்படியாகாது என்று 2011இல் நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டது. மின்சாரத்தை வெளியே அனுப்ப வரைந்த கம்பிக்கு அனுப்ப எதுவும் இல்லாமல் போனது. ஆனால் கம்பிக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் வற்றுகிறதோ அந்தப் பக்கம் பாயும். தமிழ்நாட்டின் இருட்டைப் போக்கியதில் பங்குள்ள அந்தப் பாதை, தமிழ்நாட்டின் இருட்டை மனதில் வைத்து முதலில் வரையப்பட்டதில்லை. திட்டமிடுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு பாதையை வரைந்து, ஒப்புதல் வாங்கி, டவர் நட்டு முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் நிலக்கரி விலை, அரசாங்கம், மழை எல்லாம் மாறிவிடும். பத்து வருடம் கழித்து எந்த ஊரில் வெளிச்சம் வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் மண்டலத்தை ஒரு சுவராக நினைத்த பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கம்பி கிருஷ்ணப்பட்டினத்துக்காகக் காத்திருந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

ஏன் 765? சின்னதாக ஒரு கம்பி போட்டு ஆரம்பித்திருக்கலாமே? இதற்குப் பதில் 2012 ஜூலையில்தான் இருக்கிறது. அன்று மேற்கையும் வடக்கையும் இணைத்திருந்த முக்கியப் பாதைகளில் ஒன்று பினா–குவாலியர்–ஆக்ரா. அதன் இரண்டு சர்க்யூட்டில் ஒன்று மேம்படுத்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சமிருந்த ஒன்றின் மேல் அளவுக்கு மீறிய பாரம். அந்தப் பாரத்தை ஏதோ ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்ட ரிலே அதைத் துண்டித்தது. அங்கே ஓடிய மின்சாரம் பக்கத்துப் பாதைகளில் பாய்ந்தது, அவையும் துண்டித்துக்கொண்டன, இப்படியே சரிந்தது. இரண்டு பெரிய தொகுப்புகளை மெல்லிய இழையால் கட்டுவது தனியாக இருப்பதைவிட ஆபத்து. பெரிய தேருக்குச் சணல் கயிறு கட்டி இழுப்பது மாதிரி, அறுபடும்போது இழுத்தவர்கள் அத்தனை பேரும் விழுவார்கள். 220 கிலோவோல்ட் பாதை இயல்பாகத் தாங்குவது சுமார் 130 மெகாவாட். 400இல் ஐந்நூறு. 765இல் இரண்டாயிரத்தைத் தாண்டும். அதனால்தான் 765, அதனால்தான் தனித்தனி டவர்களில் இரண்டு பாதைகள். எதாவது ஒன்று போனாலும் மிச்சம் தாங்க வேண்டும் என்பது இவர்கள் தொழிலில் வேதவாக்கு. ‘என் மைனஸ் ஒன்’ என்பார்கள். ஒன்றை அரசு நிறுவனமான பவர்கிரிட் கட்டியது. இன்னொன்று ஏலத்தில் தனியாருக்குப் போனது.

2012க்குப் பிறகு, இந்த இணைப்பே வேண்டாமோ என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. அந்த இருட்டில் தப்பித்தது தீவு. தீவைக் கொண்டுபோய்க் கண்டத்தோடு ஒட்டினால் அடுத்த முறை நாமும்தானே விழுவோம்? விழ வாய்ப்புண்டு என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் கோடிக்கணக்கான பேர் வருடக்கணக்காகத் தினமும் பத்து மணி நேரம் இருட்டில் இருப்பதை யாரும் ‘உலகத்தின் மிகப்பெரிய மின்தடை’ என்று எழுதுவதில்லை. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போனால் அது பேரழிவு. முறை வைத்து, அட்டவணை போட்டு, ஊர் ஊராகப் போனால் அது நிர்வாகம். தெற்கின் தொகுப்பு அந்த நாட்களில் ‘நிலையாக’ இருந்தது என்பது உண்மை. எங்களையெல்லாம் அணைத்து அணைத்துத்தான் அது நிலையாக இருந்தது.

2013 டிசம்பர் 31 இரவு, பவர்கிரிட்டின் முதல் பாதை ஒப்பந்தக் கெடுவுக்கு மாதக்கணக்கில் முன்பாகவே தயாராகி, தெற்கு மற்ற இந்தியாவோடு இணைந்தது. இந்த வேலை சுவிட்சைத் தட்டுவது மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் பல்லாயிரக்கணக்கான மெகாவாட் எந்திரங்கள் தத்தம் தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டு அலைகளும் வேகத்திலும் கட்டத்திலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் கணத்தில்தான் பிரேக்கரை மூட வேண்டும். தப்பினால் எந்திரத் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு அதிர்ச்சி. அன்றைக்கு நாட்டின் மொத்த நிறுவுதிறன் சுமார் 2,30,000 மெகாவாட். அந்த நொடியிலிருந்து கன்னியாகுமரிக்குப் பக்கத்து முப்பந்தல் காற்றாலையும் இமாச்சலத்தின் பக்ரா அணையும் ஒரே தாளம். ஊரெல்லாம் புத்தாண்டுக் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது.

மறுநாள் வெளிச்சம் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் அந்தப் பாதையில் மிகக் கொஞ்சமாகத்தான் மின்சாரம் விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெரிய உடல்கள் ஒன்றையொன்று மெதுவாக ஆட்டிப் பார்க்கும். அந்த ஊசலாட்டம் அடங்க வேண்டும். இரண்டாவது பாதை வர இன்னும் சில மாதங்கள் ஆயின. ராய்ச்சூர் வரை வந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்குள் இறங்க கர்னூல்–திருவலம் மாதிரியான பாதைகள் வர வேண்டியிருந்தது. பிறகு கோலாப்பூர், நிஜாமாபாத், ஸ்ரீகாகுளம் வழியாகப் புதிய வாசல்கள். 2014, 15இல் புதிய அனல் நிலையங்களும் கூடங்குளமும் கம்பிகளும் சேர்ந்து வெட்டைப் படிப்படியாகக் குறைத்தன. இதில் கம்பிக்கு எவ்வளவு பங்கு, நிலையத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சொல்பவர்களை நம்பாதீர்கள்.

*

கதையை இங்கே முடித்திருந்தால் நல்ல பொறியியல் கதையாக இருக்கும். ஆனால் கம்பி காற்றில் தொங்குவதில்லை. அதன் கால்கள் யாருடைய தோட்டத்திலோ நிற்கின்றன.

ராய்ச்சூர் போதாது என்று தெரிந்ததும் அடுத்த பாதை வரையப்பட்டது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கொங்குநாட்டின் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேல், 800 கிலோவோல்ட் நேர்திசை, 6,000 மெகாவாட். அதாவது தால்ச்சர்–கோலார் மாதிரி மூன்று. இரண்டு பக்கமும் பாயும். காற்று சீசனில் நம் மின்சாரம் மிஞ்சினால் வடக்கே அனுப்பலாம். புகளூரிலிருந்து திருச்சூருக்கு இன்னொரு 2,000 மெகாவாட் பாதை. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் இல்லை.

காகிதத்தில் கோடு, நிலத்தில் ஏறக்குறைய எழுபது மீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் தென்னை நிற்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, கிணற்றுக்கு மேலே கம்பி போனால் போனதுதான். நிலத்தை அரசு வாங்குவதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும்; வரி நீங்கள்தான் கட்டணும். இதற்கு ஆதாரமான சட்டம் எது தெரியுமா? 1885ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்கு வெள்ளைக்காரன் வைத்துக்கொண்ட அதிகாரத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாக மின்பாதைக்கும் கொடுக்கலாம். நிலத்தில் உரிமை கிடையாது, பயன்படுத்தும் அதிகாரம் மட்டும் உண்டு. சேதத்துக்கு மட்டும் நஷ்டஈடு. மறித்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடலாம். ராய்ச்சூர் கம்பி இணைந்த அதே 2013இல், ஜூலையில், இந்தியாவில் தந்திச் சேவையை மூடினார்கள். தந்தி செத்துப்போனது, தந்திச் சட்டம் டவர் நட்டுக்கொண்டிருந்தது.

வீட்டு உயர ஒற்றைத் தந்திக் கம்பத்தையும் நூறடியைத் தாண்டும் நாற்கால் கோபுரத்தையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்த்ததுதான் சிக்கலின் வேர். 2015 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். அதுவும் மாநிலம் ஏற்றால். நில மதிப்பு என்பது அரசாங்க வழிகாட்டி மதிப்பா, சந்தை விலையா என்ற பழைய சண்டை தனி.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் முக்கியமாகக் கேட்டது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி இல்லை. சாலையோரமாகக் கேபிளாகப் புதைத்துக் கொண்டுபோகச் சொல்லி. அவ்வளவு பெரிய அழுத்தத்தில் அவ்வளவு நீளத்துக்குக் கேபிள் சாத்தியமில்லை என்பது பதில். 800 கிலோவோல்ட் பாதைக்கு அது சரியான பதில்தான். ஆனால் புகளூர்–திருச்சூர் பாதையில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் கேபிளாகத்தான் பூமிக்குள் போகிறது. நெருக்கமான குடியிருப்பு, நிலத்தின் விலை, எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து அங்கே கேபிளுக்குக் காசு கிடைத்தது. வாளையாருக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாது என்று காங்கேயத்து விவசாயியிடம் எப்படிச் சொல்வீர்கள்? அங்கே வேறு தொழில்நுட்பம், 320 கிலோவோல்ட்தான், செலவு பல மடங்கு என்று பொறியாளர் விளக்கலாம். விளக்கம் சரியாகவே இருக்கும். ஆனால் கேட்பவர் தொழில்நுட்பத்தைக் கேட்கவில்லை.

மண்டல மின்திட்டக் குழுக் கூட்டங்களில் மத்திய மின்சார ஆணையம் இருக்கும், பவர்கிரிட் இருக்கும், மாநில மின்வாரியங்கள் இருக்கும். ரெண்டு துணைமின் நிலையங்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு. மெகாவாட் சரியா, அழுத்தம் சரியா, ஒன்று போனால் மிச்சம் தாங்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். நிலத்துக்காரர் அந்தக் கோட்டை முதன்முதலாகப் பார்ப்பது சர்வேயர் அவர் வரப்பில் சுண்ணாம்பு போடும்போது. 2012இல் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ரூமில் காத்துக்கிடந்தவரும் 2018இல் டவருக்கு அடியில் உட்கார்ந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். இருட்டு வந்தபோதும் அவரைக் கேட்கவில்லை, வெளிச்சம் வந்தபோதும் கேட்கவில்லை.

பாதை வந்தது. ராய்கர்–புகளூரின் முதல் பகுதி 2020இல் இயங்கத் தொடங்கியது. புகளூர்–திருச்சூரைப் பிரதமர் 2021 பிப்ரவரியில் காணொளி வழியாகத் திறந்துவைத்தார். கம்பிக்கும் மேடை கிடைக்கத் தொடங்கிவிட்டது. 2024 ஜூனில் மின் அமைச்சகம் நஷ்டஈட்டு வழிகாட்டுதலைத் திருத்தியது. டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கிராமப்புறத்தில் கம்பி போகும் அகலத்துக்கு 30 சதவீதம். புகளூர்க் கம்பியில் அதற்குள் மூன்று வருடமாக மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.